மின்சார பிக்கப் வரையும் தம்பிகளுக்கு

போன வாரம் சாந்தன்பாறையிலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் ரெண்டு தம்பிகள் இடுக்கி மலையில் பூப்பாறையிலுள்ள என் பட்டறைக்கு வந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஏற்ற மின்சார பிக்கப் ஒன்று வரைந்திருந்தார்கள். படம் அழகுதான், டெஸ்லாவின் மின்சார பிக்கப் சைபர்டிரக் மாதிரி மூக்கெல்லாம் மடித்து. ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்ததும்தான் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பியது: ஒன்றரை டன் பாரம், 400 கிலோமீட்டர் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம். ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் எழுதினேன். வயர் மூட்டில் தண்ணீர் புகாமல் பார்ப்பது மாதிரி விஷயங்களை யாரும் சொல்லித் தருவார்கள், அதை விடுகிறேன். செய்யக்கூடாத பெரிய தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பேட்டரி எடையைக் கடைசியில் பார்ப்பது

வண்டியும் பாரமும் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஆர்.சி.யில் ஒரு எண் இருக்கும். பேட்டரியைக் கூட்டினால் அந்த எண் ஏறாது, பாரம்தான் குறையும். இது தெரிந்தேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு எஸ்டேட் முதலாளியின் பழைய டீசல் பிக்கப்பை மின்சாரத்துக்கு மாற்றும் வேலை. வெறும் வண்டி 1,600 கிலோ, மொத்த அனுமதி 2,800. ஐம்பது கிலோ உர மூட்டை 24 ஏறும். முதலில் 30 யூனிட் கரண்ட் பிடிக்கும் பேட்டரி என்றுதான் பேச்சு. "நடுவழியில நின்னுட்டா யாருப்பா தள்ளுறது?" என்றார். சரி என்று 60 ஆக்கினேன்.

இன்ஜின், கியர்பாக்ஸ், டேங்க், சைலன்சர் இறக்கியதில் 350 கிலோ குறைந்தது. ஏற்றியது? லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி யூனிட்டுக்கு ஏழரைக் கிலோ, ஆக 450. மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர் 120. பேட்டரிக்கு நான் பெருமையாக வெல்டிங் செய்த இரும்புப் பெட்டி மட்டும் 100. போடி எடை மேடையில் சீட்டு வாங்கினால் 1,920. மிச்சம் 17 மூட்டை, அதிலும் டிரைவர் எடை போகணும். முதலாளி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே ஏலச்செடிக்கு பேட்டரியவே உரமா போட்டுறலாம்" என்றார். பெட்டியை அறுத்துப் பாதி பேட்டரியை இறக்கிய கூலி என் கைக்காசு.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். ஜிஎம்சி ஹம்மர் மின்சார பிக்கப் நாலு டன்னுக்கு மேல், அதில் பேட்டரி மட்டும் ஏறக்குறைய 1,300 கிலோ. சைபர்டிரக்குக்கு ரேஞ்ச் கூட்ட ஒரு கூடுதல் பேட்டரி தருவதாக 2023ல் சொன்னார்கள். அது பின் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். 2025ல் அதைக் கைவிட்டார்கள்.

எத்தனை மூட்டை, நாளுக்கு எத்தனை நடை, சரக்கு இறக்கும்போது எவ்வளவு நேரம் சார்ஜில் நிற்கும் என்று முதலில் எழுதுங்கள். பேட்டரி அதற்கப்புறம். டாடா ஏஸ் ஈவி 2022ல் வந்தபோது 600 கிலோ பாரத்துக்கு 21.3 யூனிட் பேட்டரியோடு நின்றது. அப்போது சின்னது என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தன்.

சமவெளி ரேஞ்சை மலைக்குச் சொல்வது

அந்த ஏஸுக்குக் கம்பெனிக் கணக்கு 154 கிலோமீட்டர். அடிவாரத்துப் போடியிலிருந்து மலைமேல் போடிமெட்டு கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம். பாரத்தோடு 1.8 டன் வண்டியை அவ்வளவு தூக்கவே ஐந்து யூனிட் வேணும், பேட்டரியில் கால் பங்கு. டயர் உருள்வதற்கு ஆகும் செலவு தனி.

மேலே முழு சார்ஜ் போட்டு இறங்குவது

இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாகி வண்டியைப் பிடிக்கும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரி நிறைந்திருந்தால் அந்தக் கரண்ட்டுக்கு இடமில்லை, மொத்த பாரமும் பிரேக்கில் விழும். போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவு. பாதியிலேயே லைனிங் கருகுகிற வாடை வந்துவிடும். கொஞ்சம் காலி வைத்து இறங்குங்கள்.

அறிமுக மேடையில் சொன்ன எண்ணை நம்புவது

சைபர்டிரக் ரேஞ்ச் 2019ல் மேடையில் சொன்னது 500 மைல். 2023ல் கைக்கு வந்தது 340.

அனுமதி

முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம் கட்டிங் மெஷின். இதையும் நான் தலைகீழாகத்தான் செய்தேன்.