ஈமேக்ஸ் லிஸ்ப்: ‘அதே கட்டளைதான் மறுபடியுமா?’ என்று சோதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிஸ்ப் மொழியில் நாமே நிரல் எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய உரைத்தொகுப்பி ஈமேக்ஸ். அதில் கண்ட்ரோல்-எல் அழுத்தினால் கர்சர் உள்ள வரி திரையின் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் மேலே போகும், இன்னொரு முறை அழுத்தினால் கீழே. இப்படி ஒன்றை நாமும் எழுத வழி இருக்கிறது. இப்போது ஓடும் கட்டளை ‘திஸ்-கமாண்ட்’ மாறியிலும், முந்தையது ‘லாஸ்ட்-கமாண்ட்’ மாறியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று ‘ஈக்யூ’ செயற்கூறு கொண்டு ஒப்பிடலாம்.

இம்மாறிகளை நிரப்புவது கட்டளைச் சுழல், அதாவது விசைகளைப் படித்துக் கட்டளைகளை ஓட்டும் ஈமேக்ஸின் பகுதி, என்பதை மறப்பதில்தான் பாதிக் கோளாறு. பயனர் நேரடியாக அழைத்த கட்டளையை மட்டுமே அது குறித்துக்கொள்ளும். அதற்குள்ளே நீங்கள் அழைத்த செயற்கூறுகளை அல்ல. ‘லைன்-மூவ்-விஷுவல்’ மாறியை அணைத்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகும் நெக்ஸ்ட்-லைனை உள்ளே அழைக்கும் சொந்தக் கட்டளை ஒன்றைக் கீழ் அம்பு விசையில் பொருத்திப் பாருங்கள். 60ஆவது எழுத்தில் தொடங்கி, குட்டையான வரி ஒன்றைக் கடந்து அடுத்த நீண்ட வரிக்கு வந்தால் கர்சர் பழைய இடத்துக்குத் திரும்பாது. இந்த நிலையில், முந்தைய கட்டளை நெக்ஸ்ட்-லைனாகவோ ப்ரீவியஸ்-லைனாகவோ இருந்தால்தான் அந்த இடம் நினைவில் நிற்கும். உங்கள் கட்டளையின் முடிவில் திஸ்-கமாண்டை நெக்ஸ்ட்-லைன் என மாற்றிவிட்டால் போதும்.

இது குறுக்குவழி அல்ல. ஈமேக்ஸே இப்படித்தான் செய்கிறது. வெட்டும் கட்டளைகள் திஸ்-கமாண்டைக் கில்-ரீஜன் என்று மாற்றிவிடுவதால்தான், அடுத்தடுத்து வெட்டியவை ஒரே துண்டாகச் சேருகின்றன. இதிலேயே அடுத்த பொறியும் இருக்கிறது. உங்கள் கட்டளை உள்ளே, வரியை வெட்டும் கில்-லைனை அழைத்தால், மறுமுறை லாஸ்ட்-கமாண்டில் உங்கள் பெயர் இருக்காது, கில்-ரீஜன்தான் இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது ‘ரியல்-லாஸ்ட்-கமாண்ட்’. லிஸ்ப் நிரல்கள் அதை மாற்றுவதில்லை.

திஸ்-கமாண்டைத் தொடக்கத்திலேயே மாற்றிவைப்பதும் ஆபத்து. வெட்டியதை ஒட்டும் யேங்க் கட்டளை முதலில் அதில் வெறும் ‘டி’யை (லிஸ்ப்பில் ‘உண்மை’ என்னும் மதிப்பு) வைத்து, வேலை முழுதாக முடிந்த பிறகே தன் பெயரை எழுதுகிறது. அதனால் நடுவில் பிழை வந்தால், ஒட்டியதை அதற்கு முன் வெட்டியதால் மாற்றும் யேங்க்-பாப் ஏமாறாது. அழகான ஏற்பாடு!

சோதிக்கும்போது, கர்சருக்கு முன்னுள்ள லிஸ்ப் கோவையை இயக்கும் கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-இ வழியாக உங்கள் செயற்கூறை ஓட்டாதீர்கள். அப்போது திஸ்-கமாண்டில் இருப்பது ஈவல்-லாஸ்ட்-செக்ஸ்ப். இருமுறை ஓட்டினால் ஒப்பீடு பொருந்தியதுபோல் தோன்றும். உண்மையில் பொருந்தியது வேறொரு கட்டளை. விசையில் பொருத்தியே பாருங்கள். பெயரைக் கொண்டு சோதிப்பதானால் லாம்டாவை (பெயரிடாமல் எழுதும் செயற்கூறை) நேரடியாக விசையில் கட்டாதீர்கள். அதற்குப் பெயரே இல்லை.

எத்தனை முறை அழுத்தினார்கள் என்று எண்ணுவோர் பலர், தொடர்ச்சி அறுந்தால் எண்ணியைப் பூச்சியமாக்க மறந்துவிடுகிறார்கள். அந்தக் கிளையை முதலில் எழுதுங்கள்.

சில இடங்களில் இந்தச் சோதனையே வீண். முதல் அழுத்தலில் வரியில் வெற்றிடம் தாண்டிய முதல் எழுத்துக்கும், அடுத்ததில் வரியின் தொடக்கத்துக்கும் போக வேண்டுமென்றால், கர்சர் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும். நீண்ட விசைக்கோவையின் கடைசி விசையை மட்டும் அழுத்தித் தொடர வேண்டுமென்றால் தற்காலிக விசைப்பட்டியல் அமைக்கும் ‘செட்-ட்ரான்சியன்ட்-மேப்’ இருக்கிறது. 2022இல் வந்த ஈமேக்ஸ் 28 முதல் இதே வேலைக்கு ‘ரிப்பீட்-மோட்’ உண்டு.