ஹீட் பம்ப்புக்கு 7,500 பவுண்டு மானியம்: இங்கிலாந்து, வேல்ஸ் வீட்டுக்காரர்களுக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் (வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) வைத்தால், 'பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்' வழியாக 7,500 பவுண்டு மானியம் உண்டு. 2022இல் தொடங்கியபோது காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்ப்புக்கு 5,000தான். 2023 அக்டோபரில் உயர்த்தினார்கள். பணம் உங்கள் கணக்குக்கு வராது. பொருத்தித் தரும் நிறுவனமே, திட்டத்தை நடத்தும் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம்மிடம் (Ofgem) விண்ணப்பித்து, தொகையை உங்கள் பில்லில் கழித்துவிடும். ஆகவே படிவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்; நிறுவனம் காட்டும் கணக்கைச் சரிபார்ப்பதுதான் உங்கள் வேலை.

1. தகுதி. வீடு உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வாடகைக்கு விட்ட வீடும் சரி. பழைய பாய்லரையும் வைத்துக்கொண்டு ஹைப்ரிடாக ஓட்ட நினைத்தால் மானியம் இல்லை. வீடு எவ்வளவு ஆற்றல் சிக்கனமானது என்று காட்டும் ஈ.பி.சி. (EPC) சான்றிதழ் 10 ஆண்டுக்குள் வாங்கியதா என்று பாருங்கள். பரணுக்கும் சுவருக்கும் இன்சுலேஷன் போடச் சொல்லி அதில் பரிந்துரை இருந்தால் முன்பு தடையாக இருந்தது. 2024 மே மாதம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் பரணில் 270 மி.மீ. போட்டுவிடுங்கள். செலவு குறைவு, பம்ப்பும் சிறியதாகப் போதும்.

2. விலை கேட்பது. எம்.சி.எஸ். (MCS, ஹீட் பம்ப் போன்றவற்றைப் பொருத்துபவர்களுக்கான தரச்சான்று) உள்ள மூன்று நிறுவனங்களிடமாவது கேளுங்கள். மானியத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 2027 மார்ச் 31 வரை வாட் வரி 0%. பில்லில் 20% இருந்தால் விடாமல் கேளுங்கள்.

3. வெப்ப இழப்புக் கணக்கு. பணம் வீணாவதும் வீடு குளிர்வதும் பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு அறையையும் அளந்து, சுவர், ஜன்னல், தரை எல்லாம் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டுப் பம்ப் அளவைச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். பழைய பாய்லர் 24 கிலோவாட் என்பதற்காகப் பம்ப்பும் அந்த அளவில் வேண்டியதில்லை. தேவைக்கு மேல் பெரிய பம்ப் அடிக்கடி நின்று நின்று ஓடி மின்சாரத்தைத் தின்னும்.

அடுத்து ரேடியேட்டர். அதன் வாட் அளவை, தண்ணீருக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துத்தான் குறிப்பிடுவார்கள். பம்ப் 45 டிகிரியில் தண்ணீர் அனுப்பும்போது அந்த வித்தியாசம் ஏறக்குறைய 21 டிகிரிதான். ரேடியேட்டர் தருவதோ மூன்றில் ஒரு பங்கு. அதனால் சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் மாற்றியே ஆக வேண்டும். 'எதையும் மாற்ற வேண்டாம், 55 டிகிரியில் ஓட்டலாம்' என்றால் இன்று மிச்சமாகும் பணத்தை மின் பில்லில் வருடாவருடம் கட்டுவீர்கள். 8 அல்லது 10 மி.மீ. மெல்லிய குழாய்கள் இருந்தால் அவற்றையும் காட்டிக் கேளுங்கள். போதிய தண்ணீர் ஓட அவற்றில் வழியில்லாமல் போகலாம்.

4. மின் இணைப்பு. மீட்டர் பெட்டிக்குள் வரும் மெயின் கேபிள் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். இரண்டு என்றால், உங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கும் இணைப்பு போகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். மின் விநியோக நிறுவனம் வந்து அதைப் பிரிக்க வாரக்கணக்கில் ஆகலாம். காற்று வகைப் பம்ப்புக்கு ஆஃப்ஜெம் தரும் மானிய வவுச்சரோ மூன்று மாதம்தான் செல்லும். எனவே இந்த வேலையை முதலில் தொடங்கச் சொல்லுங்கள்.

5. ஒப்புதல். ஆஃப்ஜெம் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்த நிறுவனம் உங்கள் சார்பில்தான் விண்ணப்பித்ததா என்று கேட்கும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். நீங்கள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும்.

6. வேலை முடிந்ததும். எம்.சி.எஸ். சான்றிதழ், அறைவாரி வெப்பக் கணக்கு, உத்தரவாதத் தாள்கள் மூன்றையும் வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி எல்லா நல்ல பம்ப்பிலும் உண்டு. அவசரத்தில் அதை அமைக்காமல் 55 டிகிரியில் விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிளம்பும் முன், கன்ட்ரோல் திரையில் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.