வருமானமும் மக்களாட்சியும்: தரவைக் கொண்டு சோதிக்கும் முறை

ஒரு நாட்டின் வருமானம் உயர்ந்தால் மக்களாட்சி தானாகவே மலரும் என்ற கூற்றைச் சோதிக்க விரும்புவோருக்கு முதலில் இரண்டு தரவுத் தொகுதிகள் தேவை. வாங்கும் திறனுக்கேற்பச் சரிசெய்த தனிநபர் மொத்த உள்நாட்டு உற்பத்தியை உலக வங்கியிடமிருந்து எடுக்கலாம். அந்தத் தொடர் 1990-இல்தான் தொடங்குவதால், முந்தைய ஆண்டுகளுக்கு, பழைய கால வருமான மதிப்பீடுகளைத் தொகுத்துள்ள மேடிசன் தரவையே நாட வேண்டும். மக்களாட்சிக்கு, ஆட்சிமுறையை −10 (முழுச் சர்வாதிகாரம்) முதல் +10 (முழு மக்களாட்சி) வரை மதிப்பிடும் பாலிட்டி குறியீடு போதும்.

ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்து, வருமானத்தை மடக்கை (log) அளவில் கிடையச்சிலும் பாலிட்டி குறியீட்டை நிலையச்சிலும் இட்டு, நாட்டுக்கொரு புள்ளியாகச் சிதறல் படம் வரையுங்கள். புள்ளிகள் மேல்நோக்கிச் செல்லும். 1959-இல் சமூகவியலாளர் லிப்செட் சுட்டிக்காட்டிய ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே உயரும் போக்கு) இதுவே. செல்வம் பெருகியும் மன்னராட்சியில் இருக்கும் சவூதி அரேபியா, கத்தார் போன்ற எண்ணெய் நாடுகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். வறுமையிலும் தேர்தலைக் கைவிடாத இந்தியாவை, படம் அழகாக வரவேண்டும் என்பதற்காக நீக்கிவிடாதீர்கள்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலையோ இனிமேல்தான் தொடங்குகிறது. அந்தப் படம் நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறதே தவிர, ஒரே நாடு செல்வம் சேர்க்கச் சேர்க்க என்ன ஆகிறது என்பதைக் காட்டுவதில்லை. ஆகவே 1970-க்கும் 1995-க்கும் இடையே ஒவ்வொரு நாட்டிலும் வருமானம் மாறிய அளவையும் குறியீடு மாறிய அளவையும் கணக்கிட்டு, அந்த மாற்றங்களை மட்டும் வைத்து இரண்டாவது படம் வரையுங்கள். அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன், யாரெட் ஆகிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வாறு பார்த்தபோது ஒட்டுறவு ஏறத்தாழ மறைந்துபோனது. குடியேற்ற ஆட்சியின் வரலாறு போன்ற பழைய காரணங்களே வருமானத்தையும் ஆட்சிமுறையையும் சேர்த்து வடிவமைத்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். வளர்ந்து மக்களாட்சியாக மாறிய தென் கொரியாவை மட்டும் சான்று காட்டுவோரிடம், வளர்ந்தும் மாறாத சீனாவையும் படத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, மக்களாட்சி பிறப்பதையும் நிலைப்பதையும் பிரித்துக் கணக்கிட வேண்டும். அட்டவணையில் முந்தைய ஆண்டின் வருமானத்தையும், மறு ஆண்டில் ஆட்சிமுறை மாறியதா என்பதையும் அருகருகே எழுதி, சர்வாதிகார நாடுகளுக்கும் மக்களாட்சி நாடுகளுக்கும் தனித்தனியே ஆட்சிமுறை மாறியவற்றின் விகிதம் காணுங்கள். அரசியல் ஆய்வாளர்களான பிஷெவோர்ஸ்கியும் லிமோங்கியும் 1997-இல் கண்டது, வருமானம் மக்களாட்சியைப் பிறப்பிப்பதைவிடக் காப்பதில்தான் துணைநிற்கிறது என்பதாகும்: அவர்கள் ஆராய்ந்த காலத்தில், அர்ஜென்டினா 1975-இல் எட்டியிருந்த 6,055 டாலர் தனிநபர் வருமானத்துக்கு மேல் எந்த மக்களாட்சியும் கவிழவில்லை. அது 1985-இன் டாலர் மதிப்பு. தாய்லாந்தின் 2006, 2014 ராணுவக் கவிழ்ப்புகளை அந்த எல்லையோடு ஒப்பிடுவதற்கு முன், இரு வருமானங்களையும் ஒரே ஆண்டின் டாலர் மதிப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.