டர்பனில் உறவைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்படுகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆவணங்களைத் தேடிக் கொடுத்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளை முதலிலிருந்து செய்கிறார்கள். விசா, தடுப்பூசி போன்றவற்றைப் பயண முகவர்களே சொல்லிவிடுவார்கள் என்பதால், தேடலைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெயர் பொருந்தியதும் உறவு கொண்டாடுவது

சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் நேட்டாலின் துறைமுகமான டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த முறையில் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் முனுசாமிக்கும் பெருமாளுக்கும் கோவிந்தனுக்கும் பஞ்சமே இல்லை. இருந்தும், பட்டியலில் ஒரு பெயரும் அதற்கு எதிரே தெரிந்த மாவட்டமும் கண்ணில் பட்டவுடன், தேடியவர் கிடைத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஓர் இளைஞர் இப்படித்தான் செய்தார். கொள்ளுத் தாத்தாவின் தம்பி பெயர் பெருமாள் என்பதும், அவர் வடஆற்காட்டிலிருந்து போனார் என்பதும் மட்டுமே அவருக்குத் தெரியும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பெருமாளின் பேத்தி இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், "நாங்கள் உங்கள் பங்காளி வீட்டார்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு நேரே போய் நின்றார். எண்பது வயதைக் கடந்த அந்த அம்மா பேரப்பிள்ளைகளையெல்லாம் வரவழைத்து, பூசை அறையில் விளக்கேற்றி, இவரைத் தாத்தாவின் படத்துக்கு முன்னால் நிற்க வைத்துக் கும்பிடச் சொன்னார். பிறகு தகரப் பெட்டியிலிருந்து, மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுத்தாள் போட்ட தன் அப்பாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். அதன் படம் எனக்கு வந்தபோது, அதிலிருந்த பெருமாளின் பதிவு எண்ணை வைத்துக் கப்பல் பட்டியலைப் பார்த்தேன். தகப்பன் பெயர் வேறு, தாலுகா வேறு, கப்பலேறிய வயதும் வேறு. இளைஞர் ஊர் திரும்பியதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சொந்த ஊர்க் கோயில் திருவிழா எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

செய்ய வேண்டியது கடினமான வேலை அல்ல. நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் தரப்பட்டது. பிள்ளைகளின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பழைய பதிவுகளிலும் பெற்றோரின் எண்ணைக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவை இருக்கும். ஆகவே முதல் தொலைபேசி அழைப்பில், "எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர் நேட்டாலுக்கு வந்திருக்கிறார், உங்கள் முன்னோரின் பதிவு எண் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் பேச வேண்டாம். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தும்வரை மாமா, அத்தை என்று முறை வைத்து அழைக்கவும் வேண்டாம்.

இன்றைய மாவட்டத்தை வைத்து ஊரைத் தேடுவது

பட்டியலில் உள்ள வடஆற்காடு, 1989இல் பிரிக்கப்பட்டபோது இருந்த வடஆற்காடு அல்ல. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வடஆற்காட்டின் ஒரு பகுதி பிரிந்து அதில் சேர்ந்து, இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் அலைந்து சலித்த ஒரு குடும்பத்தின் ஊர் கடைசியில் சித்தூருக்கு அருகே இருந்தது. பழைய தாலுகா எல்லைகளைக் காட்டும் வரைபடம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சாதியை முதல் கேள்வியாகக் கேட்பது

கேட்காதீர்கள்.

மரபணுச் சோதனையே தீர்ப்புச் சொல்லும் என்று நம்புவது

1880களில் பிரிந்த அண்ணன் தம்பியின் வழியில் இன்று இருப்பவர்கள் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறைப் பங்காளிகளாக இருப்பார்கள். அந்தத் தூரத்தில், உண்மையான உறவினர்களுக்கிடையே கூடப் பொருத்தம் தென்படாமல் போகலாம். மறுபுறம், அத்தை மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாக மணந்துவந்த குடும்பங்களில், தூரத்து உறவு கூட நெருங்கிய உறவுபோலக் கணக்கில் வந்துவிடும். ஆவணத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் இந்தச் சோதனை உதவும்.

ஆவணக் காப்பகத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது

முதல் நாளே போய்விடுங்கள்.

பழைய கடிதத்தின் முகவரியை நம்பிப் போவது

இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால், கேட்டோ மேனர் போன்ற இடங்களில் வேரூன்றியிருந்த இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, சாட்ஸ்வொர்த் போன்ற புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு திசைகளில் சிதறினார்கள். கடிதத்தில் உள்ள தெருவில் இப்போது விசாரித்தால் அந்தக் குடும்பத்தை அறிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பகுதியின் பழைய கோயிலில் விசாரித்தால் இருக்கக்கூடும். குடும்பங்கள் வீட்டை விட்டுப் போன பிறகும் தைப்பூசக் காவடிக்கும் தீமிதிக்கும் தங்கள் பழைய கோயிலுக்கே வந்துகொண்டிருந்தார்கள். அதனால் எந்தக் குடும்பம் எங்கே குடிபெயர்ந்தது என்பது கோயில் நிர்வாகத்தில் உள்ள பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். திருவிழாக் கூட்டத்தில் அவர்களால் நிதானமாகப் பேச முடியாது. அது முடிந்த மறு வாரம் போய்ப் பாருங்கள்.