ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லையா? முதலில் தொட்டுப் பாருங்கள்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும்போதுதான் பிரிட்டனில் பல வீடுகளில் ஹீட்டிங்கைப் போடும் நினைப்பே வரும். கோடை முழுக்கச் சும்மா கிடந்த சிஸ்டம். வீடெல்லாம் கதகதப்பாகி, ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் சில்லென்று நிற்கும். யாரைக் கேட்டாலும் "காற்றைத் திறந்துவிடு" என்பார்கள். காற்றும் ஒரு காரணம்தான். ஆனால் ரேடியேட்டரின் எந்தப் பகுதி குளிர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் காற்றைத் திறக்கும் சாவியைக் கையில் எடுப்பது வீண் வேலை.

இங்கே சொல்வது காம்பி பாய்லரும் (தனித் தொட்டி இல்லாமல் ஹீட்டிங்குக்கும் குழாய்க்கும் சுடுநீர் தரும் பாய்லர்) தண்ணீர் ஓடும் ரேடியேட்டர்களும் உள்ள சாதாரண வீட்டுக்கு. கட்டடம் முழுவதற்கும் ஒரே பாய்லர் உள்ள அடுக்குமாடியில் இருப்பவர்கள் எதையும் தொடாமல் நிர்வாகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பாய்லரின் முன்மூடியை யாரும் திறக்க வேண்டாம். எரிவாயு வேலையைச் செய்ய, அதற்கான அதிகாரப்பூர்வப் பட்டியலான கேஸ் சேஃபில் பதிவுள்ளவருக்கு மட்டுமே சட்டப்படி அனுமதி.

படி 1: எல்லாமே குளிர்ந்திருக்கிறதா?

அப்படியானால் கோளாறு ரேடியேட்டரில் இல்லை. சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், டைமரில் நேரம் மாறியிருக்கலாம். பாய்லரின் பிரஷர் முள்ளையும் பாருங்கள். சிஸ்டம் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்ட வேண்டும். உறைபனி நாளில் பாய்லர் எரியாமல் நின்றால், பாய்லரிலிருந்து வெளிச்சுவரில் இறங்கும் கழிவுநீர் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கக்கூடும். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும்.

படி 2: கை வைத்துப் பாருங்கள்

ஹீட்டிங்கைப் போட்டு, தெர்மோஸ்டாட்டை ஏற்றி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ரேடியேட்டரின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், நடு, இரு முனைகளிலும் வந்து சேரும் குழாய்கள் என்று ஒவ்வொன்றாகத் தொடுங்கள். சுடும், பார்த்து.

கீழே சூடு, மேலே குளிர் என்றால் உள்ளே காற்று. மேல்பக்கமும் ஓரங்களும் சூடாக இருந்து கீழ்நடு மட்டும் குளிர்ந்திருந்தால் சேறு. முழுவதுமே குளிர் என்றால் வால்வைச் சந்தேகப்படுங்கள். கோடைக்குப் பிறகு முதல்முறை போடும்போது நான் முதலில் பார்ப்பது இந்த வால்வைத்தான்.

படி 3: முழுக்கக் குளிர்ந்திருந்தால் வால்வு

ரேடியேட்டரின் ஒரு முனையில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். இதுதான் டி.ஆர்.வி. (தெர்மோஸ்டாட்டிக் ரேடியேட்டர் வால்வு). அறையின் வெப்பத்தை உணர்ந்து தண்ணீரைத் திறந்து மூடுவது இதன் வேலை. அதன்மேல் கனத்த திரை தொங்கினாலோ, துணி காயப்போட்டிருந்தாலோ, சோஃபா ஒட்டி நின்றாலோ, அந்த இடுக்கில் தேங்கிய சூட்டை அறையின் சூடு என்று எண்ணி மூடிக்கொள்ளும். முதலில் அதை விலக்கிப் பாருங்கள். பலருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் திருகை 5-க்குக் கொண்டுவந்து, அதன் அடியிலுள்ள வளையத்தை இடப்பக்கமாகச் சுற்றித் தளர்த்துங்கள். தலை மட்டும் கழன்று வரும், தண்ணீர் வராது. உள்ளே நடுவில் ஒரு மெல்லிய உலோக ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் அதை அழுத்துங்கள். நல்ல வால்வில் ஊசி சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டவுடன் தானே எழும். கெட்டதில் அமுங்கிய இடத்திலேயே கிடக்கும். மாதக்கணக்காக மூடிக் கிடந்ததால் இறுகிவிடுவதுதான் காரணம்.

ஊசியின் அடியில் கொஞ்சம் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து, வால்வின் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, மீண்டும் மீண்டும் அழுத்தி விடுங்கள். விடுபட்டதும் ஹீட்டிங் ஓடிக்கொண்டிருந்தால் 'ஸ்ஸ்' என்று தண்ணீர் பாயும் ஓசை கேட்கும், குழாய் சட்டென்று சூடேறும். குறடு போட்டு ஊசியை வெளியே பிடுங்காதீர்கள். கையோடு வந்துவிட்டால் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் கம்பளத்தில் பாயும். கோடையில் எல்லா டி.ஆர்.வி.களையும் 5-இல் திறந்தே விட்டுவைத்தால் இந்த இறுக்கம் பெரும்பாலும் வராது.

ஊசி நன்றாக ஏறி இறங்கியும் சூடு வரவில்லையா? மறுமுனையில் எண் இல்லாத வெறும் மூடி போட்ட லாக்‌ஷீல்டு வால்வு இருக்கும். பெயிண்ட் அடிக்க ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் அதை மூடிவிட்டுத் திறக்க மறந்திருப்பார்கள். மூடியை எடுத்து, ஸ்பேனரால் இடப்பக்கம் ஒரு சுற்றுத் திறந்து பாருங்கள். எவ்வளவு திறந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: மேலே குளிர்ந்திருந்தால் காற்று

ஹீட்டிங்கை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். மேல்மூலையில் சதுரத் தலையுடன் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதற்கான சாவி ஹார்டுவேர் கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். அடியில் பழந்துணியும் ஒரு கோப்பையும் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள்; திருகை முழுதாகக் கழற்றக் கூடாது. காற்று சீறி வெளியேறி, தண்ணீர் விடாமல் வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். வீடு முழுக்கச் செய்வதாக இருந்தால் கீழ்த்தளத்திலிருந்து மேலே போங்கள்.

பிறகு பாய்லரைப் பார்க்க மறக்காதீர்கள். காற்று போன அளவுக்கு பிரஷர் இறங்கியிருக்கும். பாய்லருக்கு அடியில் வெள்ளிநிறப் பின்னல் குழாயும் இரண்டு வால்வுகளும் இருக்கும். இரண்டையும் மெதுவாகத் திறந்து, முள் 1.5-ஐத் தொடுவதற்குள் மூடுங்கள். 3 பார் போனால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும். பரணில் தொட்டி வைத்த பழைய சிஸ்டத்துக்கு இது தேவையில்லை, தானே நிரம்பும்.

ஒரே ரேடியேட்டரில் அடிக்கடி காற்று சேர்கிறதா? உள்ளே இரும்பு அரித்து ஹைட்ரஜன் உண்டாகிக்கொண்டிருக்கலாம். அது எரியும் வாயு, அருகில் நெருப்பு வேண்டாம். துருத்தடுப்பு மருந்து சேர்க்கச் சொல்லி ஆளைக் கூப்பிடுங்கள்.

படி 5: கீழ்நடு குளிர்ந்திருந்தால் சேறு

மேக்னடைட் எனும் கறுப்பு இரும்புத் துரு அடியில் படிந்து கிடக்கிறது. எத்தனை முறை காற்றை எடுத்தாலும் இது அசையாது. ரேடியேட்டரைக் கழற்றி வெளியே அலச வேண்டும், அல்லது சிஸ்டம் முழுவதையும் இயந்திரம் வைத்துக் கழுவ வேண்டும். முதல்முறை கை வைப்பவருக்கு இந்த வேலை வேண்டாம் என்பது என் கருத்து. கறுப்புக் கறை வெளிர்நிறக் கம்பளத்திலிருந்து போகவே போகாது. கழுவிய கையோடு பாய்லருக்கு வரும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றையும் போடச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் படி 2-ஐ முடித்துவிட்டு வீட்டுக்காரருக்கு எழுதிப் போடலாம். இங்கிலாந்தில் 7 ஆண்டுக்குக் குறைவான ஒப்பந்தங்களில், ஹீட்டிங்கைப் பழுது பார்த்து இயங்கும் நிலையில் வைத்திருப்பது 1985-ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர்–குடியிருப்பாளர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி அவர் பொறுப்பு. ஃபோனில் சொன்னாலும், எந்த ரேடியேட்டர், எந்தப் பகுதி குளிர்ந்திருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.