கடும் பனி நாளில் வயலுக்குள் எப்போது இறங்குவது?

மார்கழிப் பின்பாதியிலும் தையிலும் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், பாகூர் பக்கம் காற்றில்லாத தெளிந்த இரவு வந்தால், விடியலில் பனி மூடிக்கொள்ளும். மழைக்காலத்து ஈரம் நிலத்தில் இன்னும் இருக்கிறது. இரவில் தரை சூட்டை இழந்து குளிர்கிறது. நெற்பயிரைக் கெடுப்பது அந்தக் குளிரைவிட, இலை நனைந்தே கிடக்கும் நேரம்தான். பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரம் நின்றால் குலைநோய்ப் பூஞ்சாணம் இலைக்குள் இறங்கிவிடும்.

ஆகவே காலையில் பனி காயும் வரை வயலைச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள், மருந்து அடிக்க இறங்காதீர்கள். பார்க்கும்போது வரப்போரம் மட்டும் பார்த்தால் போதாது. மர நிழல் விழும் மூலையிலும், யூரியா கூடுதலாக விழுந்து கரும்பச்சையாக நிற்கும் இடத்திலும்தான் நோய் முதலில் தெரியும். இரு முனையும் கூராகி, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் வடிவப் புள்ளி இருந்தால் அது குலைநோய். மேலுரம் போடுவதை உடனே நிறுத்துங்கள். ட்ரைசைக்ளசோல் 75 சத நனையும் தூளை ஏக்கருக்கு 200 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். புள்ளியே இல்லையென்றால் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். இரண்டையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள்.

தெளிக்கும் நேரம் மருந்தைப் போலவே முக்கியம். பனி சொட்டும் இலையில் அடித்தால் மருந்து நீர்த்து, வழிந்து சேற்றுக்குப் போய்விடும். இலையைத் தடவிப் பார்த்து, கை நனையாத பிறகே டேங்கைத் தூக்குங்கள்; பெரும்பாலும் பத்து மணி ஆகிவிடும். மாலையில் என்றால் மூன்றரைக்குள் முடியுங்கள், அடுத்த பனி இறங்குமுன் மருந்து காய வேண்டும். கதிர் வெளிவரும் பயிரில் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளவே கூடாது. கதிரின் கழுத்து கருத்துவிட்டால் எந்த மருந்தும் பதரை மணியாக்காது.

உளுந்து இலையில் வெண்பொடி படிந்திருந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் ஏக்கருக்கு 600 கிராம்; உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

அறுவடை மிஷினையும் பனி விலகிய பிறகே இறக்குங்கள். ஈரக் கதிரில் மணி சரியாக உதிராமல் வைக்கோலோடு போகும். கொள்முதல் நிலையத்திலும் 17 சத ஈரப்பதத்தைத் தாண்டினால் சிக்கல். களத்து நெல்லை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கொரு முறை கிளறுங்கள். மாலை நாலரைக்குள் குவித்துத் தார்ப்பாய் மூடுங்கள். காலையில் வெயில் வந்ததும் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும். உள்பக்கம் கோத்திருக்கும் நீர் நெல்லிலேயே சொட்டும். சாலையில் காயப்போடுவது வேண்டவே வேண்டாம், பனியில் வண்டிக்காரருக்குக் குவியல் தெரியாது.

ஆடுகளை ஒன்பது, பத்து மணிக்கு மேல் ஓட்டுங்கள். ஈரப் புல்லின் நுனிக்குக் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறி நிற்கும்; புல் காய்ந்தால் அவை கீழே இறங்கிவிடும்.