இழை சேர்த்த கான்கிரீட்டும் அதிக வெப்பமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இழை போட்டிருக்கிறோம், தீயைத் தாங்கும்" என்பதிலேயே முதல் தவறு இருக்கிறது. எந்த இழை?

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை சுமார் 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகுவதுதான் அதன் வேலையே. அது விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியே, சூட்டில் கான்கிரீட்டுக்குள் உருவாகும் நீராவி வெளியேறுவதால், மேற்பரப்பு வெடித்துச் சிதறும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் உருகிய இழை விரிசலைப் பிடித்து நிறுத்தாது. அதற்கு ஸ்டீல் இழை வேண்டும். அதுவோ நீராவிக்கு வழிவிடாது. அடர்த்தியான உயர்வலிமைக் கான்கிரீட்டில் ஸ்டீலை மட்டும் நம்புவது ஆபத்து. தேவைப்பட்டால் இரண்டையும் சேருங்கள்.

உயர்வலிமைக் கலவைக்கு யூரோகோடு 2 என்ற ஐரோப்பியக் கான்கிரீட் வடிவமைப்பு விதிநூல் சொல்லும் வழிகளில் ஒன்று, கனமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் பாலிபுரொப்பிலீன் ஒற்றை இழைகள் சேர்ப்பது. இழை சேர்ந்தால் ஈரக் கலவை இளக்கம் குறைந்து கெட்டிப்படும். அப்போது தண்ணீர் ஊற்றாதீர்கள்: வலிமையும் குறையும், ஆவியாக மாறும் ஈரமும் கூடும். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசரைக் கொண்டு சரிசெய்யுங்கள். இழையை மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டும்.

பெரும்பாலான குழப்பம் சோதனையில்தான் வருகிறது. சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கனசதுரத்தை முழுக்க உலர்த்திவிட்டு உலையில் வைத்தால் அது பெரும்பாலும் சிதறாது. அதைக் காட்டி "சிதறாத கலவை" என்று அறிக்கை எழுதுவது ஏமாற்று. சிதறலைப் பார்க்க வேண்டுமானால் நிஜ ஈரப்பதத்தோடு வேகமாகச் சூடேற்ற வேண்டும். வலிமையை அளப்பது வேறு வேலை. அதற்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றினால் போதும். உலையின் வெப்பமானி 600 டிகிரி காட்டுவதால் மாதிரியின் நடுவிலும் 600 என்று பொருளல்ல; நடுவில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் கம்பி உணரி) பதித்து, உள்ளும் புறமும் சமமாகும்வரை காத்திருங்கள்.

சூடாக இருக்கும்போது அளந்த வலிமையும் ஆறிய பின் அளந்ததும் ஒன்றல்ல. பெரும்பாலும் பின்னது குறைவு. நீரில் முக்கிக் குளிர்வித்தால் அதிர்ச்சியில் புதிய விரிசல் விழும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: 400-500 டிகிரியில் சிமெண்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. ஆறியபின் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்குவதால், நாட்கள் செல்லச் செல்ல வலிமை மேலும் இறங்கலாம். குளிர்வித்த விதத்தையும், ஆறி எத்தனை நாளில் உடைத்தீர்கள் என்பதையும் எழுதாத வலிமை அளவை வேறோர் ஆய்வோடு ஒப்பிட முடியாது. குவார்ட்ஸ் நிறைந்த ஜல்லியானால் 573 டிகிரியில் படிகம் உருமாறி விரியும். இழை எதுவானாலும் இந்தச் சேதத்தைத் தடுக்காது.

அமுக்க வலிமையை மட்டும் பார்த்து ஸ்டீல் இழையால் பயனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வளைவுச் சோதனையில், விரிசல் விட்ட பிறகு எவ்வளவு சுமை தாங்குகிறது என்று பாருங்கள்.